டீச்சர் முட்டை கூடத் தொடமாட்டாங்க

12 ஜூன் 2025, வியாழன்

பசை புளித்துவிட்டது. மரவள்ளி மாவைக் காய்ச்சி டப்பாவில் ஊற்றி வைத்தேன். மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட மறந்து தொலைத்தேன். தைத்து முடித்த எட்டு நோட்டுகள் அட்டைக்காகக் காத்துக் கிடக்கின்றன. பைண்டிங் கடைக்காரர், "வஜ்ஜிரம் வாங்கிட்டுப் போங்க டீச்சர், கல்லாட்டம் புடிக்கும்" என்கிறார். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை எனக்கு வேண்டாம் என்றேன். "ஓ, நீங்க அய்யர் வூடா?" என்று கேட்டார். இந்த ஊரில் ஒருத்தி ஒன்றை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் போலிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கார நிர்மலாதேவி அக்கா தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு என் போர்ஷனுக்கு வந்தார். "இவங்கதான் நம்ம டீச்சர். பாப்பாரப்பட்டி ஸ்கூல்ல கைத்தொழில் சொல்லித் தராங்க. முட்ட கூடத் தொடமாட்டாங்க. பால் கூடக் குடிக்க மாட்டாங்கன்னா பாத்துக்கோயேன்!" நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூஞ்சியிலயே தெரியுதுங்க அண்ணி. சுத்தம்" என்றார்.

மூஞ்சியில் என்ன தெரிகிறது? பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்தேன்? சிரித்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேனா?

எழுதியே வைத்துவிடுகிறேன், என்னைப் பற்றி எனக்கே மறந்துபோகாமல் இருக்கட்டும். மார்ச்சில் தர்மபுரியிலிருந்து அதியமான்கோட்டை வரை பதினொரு வீடு பார்த்தேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "சைவமா, அசைவமா?" என்று கேட்பார்கள். அடுத்தது, "அப்பா பேரு?" சவுரியப்பன் என்று சொன்னதும் காலனி, சர்ச், மாட்டுக்கறி என்று அவர்களே வரிசையாகக் கூட்டிக்கொண்டு, "அடடா, சொந்தக்காரங்க வரேன்னு சொல்லி இருக்காங்களே" என்பார்கள். பத்து வீட்டில் இதே கதை. பதினொன்றாவது இந்த வீடு. கறி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடமாட்டேன் என்று சொன்னேன். பொய் இல்லை, ஆறு வருடமாகத் தொடவில்லை. நிர்மலாதேவி அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்பா பெயரைக் கேட்காமலே சாவியைக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் ச. வெண்மதி என்று கையெழுத்துப் போட்டேன். அந்தச் 'ச' என்னவென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.


15 ஜூன், ஞாயிறு

காலை எட்டு மணியிலிருந்து முன்வீட்டில் ஆட்டுக்கறி வேகிறது. மசாலா வாசம் என் அடுப்படி வரை வருகிறது. வாசல் கேட்டில் 'சைவம் மட்டும்' என்று இன்னும் பலகை தொங்குகிறது. ஒருநாள் கேட்டே விட்டேன். "நாங்க திங்கறது ஆடு, கோழிங்க டீச்சர். வாடகைக்கு வரவங்க என்னத்தத் தின்னுவாங்களோ, யார் கண்டா? அதுக்குத்தான் போர்டு" என்றார் அக்கா. எவ்வளவு தெளிவு!

மதியம் வாசிப்பு வட்டம். ஏழு பேர், இரண்டு பாய். உணவைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் முதல் நாற்பது பக்கம். எல்லோருக்கும் வேர்க்கடலைப் பாலில் சுக்குக் காப்பி போட்டேன். சாமைச் சோறு, கொள்ளுத் துவையல். அருள்குமார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பறை சொல்லிக்கொடுப்பவர் அவர். அவருக்கு என் மேல் ஏற்கெனவே கோபம். என் பறைக்குத் தோல் வேண்டாம், பைபர்தான் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"பைபர்ல அடிச்சா அது பறை இல்ல தோழர், பிளாஸ்டிக் தட்டு. நெருப்புல காட்ட வேணாம், காய வெக்க வேணாம். அப்புறம் அதுல என்னா உசுரு இருக்கு?"

"உசுரு எடுக்காம செஞ்சதுதான் தோழர்" என்றேன்.

"நம்ம தட்டுல கை வெக்கறவன் சொல்றதையே நீங்களும் சொல்றீங்க. கோயில் குருக்களுக்கும் உங்களுக்கும் என்னா வித்தியாசம்?"

குருக்கள் பால் குடிக்கிறார், நான் குடிப்பதில்லை, அதுதான் வித்தியாசம் என்று கத்தினேன். நான் முதலில் விட்டது கறியை இல்லை, பாலை. எங்கள் ஊரில் செத்துப்போன கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, நாலு குச்சிக் காலில் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும். பால் சுரக்கும். ஒருநாள் அதை நின்று பார்த்தேன், அவ்வளவுதான். எனக்கு எந்தச் சாமியும் சொல்லவில்லை. இதையெல்லாம் அருள்குமாரிடம் கத்திச் சொல்லிவிட்டு, முன்வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று ஜன்னலோரம் பார்த்தேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தப் பறை எங்கே இருக்கிறது? கட்டிலுக்கு அடியில், பழைய போர்வைக்குள். அக்கா ஒருமுறை விளிம்பைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். ஸ்கூல் ஆண்டு விழா டான்சுக்கு என்று சொல்லிவைத்தேன்.


20 ஜூன், வெள்ளி

பிள்ளைகளுக்கு வாழைநாரில் கயிறு திரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். தலைமையாசிரியர் வந்து, கணக்குப் பாடம் முடியவில்லை என்று பாதியில் என் வகுப்பை எடுத்துக்கொண்டார். பகுதிநேர டீச்சரின் பாடமும் பகுதிதான்.


24 ஜூன், செவ்வாய்

அம்மாவுக்குக் கண்ணில் புரை. வலது கண்ணில் ஆபரேஷன் ஜூலை ஒன்று. அதற்குப் பிறகு மூன்று வாரம் தூசி, புகை, விறகடுப்பு எதுவும் கூடாது. ஊரில் அது நடக்காது. இங்கே கூட்டிவர வேண்டியதுதான். அப்பா போன பிறகு அம்மா என்னோடு ஒரு வாரம்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்காவிடம் சொல்லும் வரை.

"தாராளமா கூட்டியாங்க டீச்சர். அம்மாவும் உங்கள மாதிரியேதானுங்களே?"

கேள்வி இவ்வளவுதான்.

"ஆமாங்க" என்றேன்.

அரை நொடி கூட ஆகவில்லை. யோசித்துச் சொன்ன பொய் என்றாலாவது பரவாயில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. என் அம்மா மாட்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே ஒத்துக்கொள்ள மாட்டாள்.


1 ஜூலை, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கறுப்புக் கண்ணாடி. இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. ஆட்டோவில் வரும்போதே அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். ஜெபமாலையைப் பைக்குள் வைத்துக்கொள். ஊர் எது என்றால் அரூர் என்று மட்டும் சொல்; எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று ஆரம்பித்தால் கண் வலிக்கிறது என்று எழுந்து வந்துவிடு. கறி என்ற பேச்சே எடுக்காதே.

அம்மா எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள், "என் பேரையாவது சொல்லலாமா?"

தீர்த்தம்மாள் என்ற பெயரில் ஆபத்து ஒன்றும் இல்லை. சொல்லலாம் என்றேன். அடச்சே, எழுதும்போதுதான் உறைக்கிறது. அவள் கிண்டலாகக் கேட்டிருக்கிறாள். நான் நிஜமாகவே யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.


4 ஜூலை, வெள்ளி

களி, கீரைக் குழம்பு, தேங்காய்ப்பால் ஆப்பம், காளான் வறுவல் என்று நான்கு நாளாக எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிவிட்டேன். இன்று மீல் மேக்கரை மிளகு, சோம்பு போட்டு வதக்கி, கறி மாதிரியே இருக்கும் என்று சொல்லிப் பரிமாறினேன். அம்மா மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"இது கறி மாரி இல்லடி. மழையில நனஞ்ச செருப்பு மாரி இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கண் தையல் இழுக்கும், சிரிக்காதே என்று அதட்டினேன்.

மதியம் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவும்போது பறை அவள் கையில் தட்டுப்பட்டது. போர்வையைப் பிரித்து விரலால் சுற்றித் தடவினாள். எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, "உங்கப்பா சாவு வூட்டுக்கு அடிக்கப் போகமாட்டன்னு ஊர்க்காரங்ககிட்ட அடி வாங்கிட்டுத்தான் இத தூக்கிப் போட்டாரு. நீ காசு குடுத்து வாங்கியாந்து ஒளிச்சி வெச்சிருக்கற" என்றாள்.

இப்போது இது விடுதலை இசை, மேடையில் வாசிக்கிறோம், பெண்கள் வாசிக்கிறோம் என்று விளக்கினேன். "சரி, அப்பறம் ஏன் கட்டலுக்கு அடியில?" என்றாள். சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.


6 ஜூலை, ஞாயிறு

வாசிப்பு வட்டம். இன்று கட்டுரையை அறிமுகப்படுத்த வேண்டியவள் நான். நன்றாகப் பேசினேன், அதை மறுக்கமாட்டேன். நான் கறி சாப்பிடாதது என் மனம் சம்பந்தப்பட்டது, அதைக் காட்டி இன்னொருவர் தட்டைப் பிடுங்க எனக்கும் உரிமை இல்லை, அரசாங்கத்துக்கும் இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை என்றேன். மேஜை இருந்திருந்தால் தட்டியிருப்பேன். அருள்குமார் கூடத் தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"எல்லாம் கேட்டன். நல்லாப் பேசனடி. உங்கப்பா இருந்திருந்தா அழுதிருப்பாரு."

"போம்மா."

"எனக்கு எப்பக் கறி?"

முன்வீட்டில் ஆட்டுக்கறி தாளிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்றேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.


9 ஜூலை, புதன்

எழுதிவிடுகிறேன்.

குள்ளம்மாள் அத்தை, அப்பாவின் தங்கை, காலையில் போன் செய்தாள். அரூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாளாம், அண்ணியைப் பார்க்க வருகிறாளாம். சும்மா வருவாளா? கண் அறுத்துக்கொண்டு படுத்திருப்பவளுக்குக் கறி ஆக்கிக்கொண்டு வருகிறாள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்சும் எடுத்துப்போக மாட்டார்கள். குழம்போடுதான் போவார்கள்.

வீட்டுக்கு வராதே, டாக்டர் யாரையும் பார்க்கவிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு நானே போனேன். அத்தை வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நாலு அடுக்குத் தூக்கு. "மேல ரெண்டடுக்கும் களி, கீழ ரெண்டடுக்கும் கறி. நெஞ்செலும்பு போட்டிருக்கன், அண்ணிக்கி அதுதான் புடிக்கும். விடியக்காலம் நாலு மணிக்கி எழுந்து வெச்சன். நான் பாக்காட்டியும் பரவால்ல, அவ ரெண்டு வாய் திங்கட்டும்" என்றாள். அடுத்த பஸ்சிலேயே திரும்பிப் போனாள்.

அதியமான்கோட்டையில் இறங்கினேன். தூக்கு இன்னும் சூடாக இருந்தது. தெரு முனையில் திரும்பினால் நிர்மலாதேவி அக்கா கேட்டருகில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். வாசம் வெளியே வருகிறதா என்று மூடியருகில் முகர்ந்து பார்த்தேன். எனக்கே வந்தது. அப்படியே திரும்பி ஹைவே பக்கம் நடந்தேன். சர்வீஸ் ரோட்டு ஓரம் சாக்கடை. கொட்டினேன். கறி, எலும்பு, களி எல்லாவற்றையும். பஞ்சர் கடைக் குழாயில் தூக்கைக் கழுவினேன். நான் கழுவி முடிப்பதற்குள் மூன்று நாய்கள் வந்துவிட்டன.

வீட்டுக்கு வந்தேன். "குள்ளம்மா வரன்னு சொன்னாளே?" என்று அம்மா கேட்டாள். வரவில்லையாம் என்றேன்.

சாக்கடையோரம் நின்றபோது ஒரு எண்ணம் வந்தது, அதையும் எழுத வேண்டும். 'நான்தான் கறியே தொடாதவளாயிற்றே, கொட்டினால் என்ன' என்று. த்தூ! கொள்கைக்காகக் கொட்டவில்லை. கொள்கை இருந்திருந்தால் அத்தையிடமே வேண்டாம் என்றிருப்பேன். பயந்து கொட்டினேன். ஆறு வருடம் ஒரு உயிருக்காக விட்டதை ஒரு வீட்டுச் சாவிக்காகச் சாக்கடையில் கொட்டினேன்.


10 ஜூலை, வியாழன்

அத்தை போன் செய்தாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். என் புத்தி!

"கறி நல்லா இருந்திச்சா அண்ணி? எலும்பு வெந்திருந்திச்சா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

"நல்லா இருந்திச்சி குள்ளம்மா" என்றாள். "ரெண்டு வேளயும் தின்னன். உனக்குத்தான் செரமம்."

போனை என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான். எழுந்து போய், அடுப்படியில் நான் கழுவிக் கவிழ்த்திருந்த அத்தையின் தூக்கைத் தடவிப் பார்த்தாள். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.


11 ஜூலை, வெள்ளி

அம்மா போய்விட்டாள். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பையைக் கட்டி வைத்திருந்தாள். மூன்று வாரத்தில் பத்து நாள்தான் ஆகியிருக்கிறது, கண் கெட்டுவிடும் என்று கெஞ்சினேன். மருந்தை யார் ஊற்றுவார்கள் என்று கேட்டேன். "குள்ளம்மா ஊத்துவா" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ்சில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள். "அந்தம்மா கொட்டியிருந்தா சண்டைக்கிப் போயிருப்பன். எனக்கு அது புதுசில்ல. உங்கிட்ட என்னாத்த சண்ட போடறது?"

பஸ் கிளம்பும் வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடு பஸ் ஸ்டாண்டில் அழுதேன். கர்ச்சீப் கூட இல்லை.


13 ஜூலை, ஞாயிறு

வாசிப்பு வட்டத்தில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்; திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அருள்குமார் பாயைக் கிள்ளிக்கொண்டே, "நானும் பென்னாகரம் ரோட்டு வூட்ல கறி சாப்பிடமாட்டேன்னுதான் சொல்லி இருக்கறன் தோழர். பறைய நண்பன் கடையில வெச்சிருக்கறன்" என்றார். இன்னொருவர் தன் மாமனார் வந்தால் லாட்ஜில் தங்கவைப்பதாகச் சொன்னார். இப்படியே ஒவ்வொருவராக. ஏழு பேரில் ஐந்து பேர் வாடகை வீடு. ஐந்து பேரும் பொய் சொல்லித்தான் சாவி வாங்கியிருக்கிறோம்.

எங்கள் வட்டமா, என்ன வட்டம்! வாரா வாரம் புரட்சி வாசித்துவிட்டு ஆளுக்கொரு பொய்க்குள் போய்ப் படுத்துக்கொள்கிறோம். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பலகை மாட்டியவன் மேல் வந்தது. அதைவிட அதிகமாக, பலகைக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என் மேல் வந்தது.


14 ஜூலை, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கொட்டகையில் அவர்கள் வீட்டுப் பசு வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டிருந்தது; போன மாதம் கன்று செத்துப்போனதிலிருந்து இதைத் தினம் பார்க்கிறேன்.

"அக்கா, எங்கப்பா பேரு சவுரியப்பன். அரூர் பக்கம் காலனி. எங்க வீட்ல மாட்டுக்கறி சாப்பிடுவோம். நான் இப்ப சாப்பிடறதில்ல. ஆனா அதுக்கும் நீங்க நெனைக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்கம்மா மறுபடியும் வந்தா இந்த வீட்லதான் ஆக்கிப் போடுவேன்."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணுமே கேக்கலிங்களே டீச்சர்?"

"நீங்க கேக்காததாலதான் சொல்றேன்."

"நாங்க அந்த மாதிரியெல்லாம் வித்தியாசம் பாக்கறவங்க இல்லிங்க. பசு நாங்க கும்புடறதுங்க, அதான்..."

நாக்கு நுனி வரை வந்தது: கும்பிடுகிற பசுவுக்கு முன்னால் அதன் பிள்ளைத் தோலை நிறுத்திப் பால் கறக்கிறீர்களே என்று. விழுங்கிவிட்டேன். அது என் சண்டை. இது அம்மாவின் சண்டை. இதில் அதைக் கொண்டுவந்தால் நான் மறுபடியும் என் கீரைக்கும் களிக்கும் பின்னால் ஒளிந்துகொள்கிறேன் என்று அர்த்தம். "கும்பிட்டுக்கோங்க. எங்கம்மா சாப்பிடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே வந்து முதல் வேலையாகப் பறையை எடுத்துச் சுவரில் மாட்டினேன்.


15 ஜூலை, செவ்வாய்

தினமும் கறிவேப்பிலையைக் கையில் கொடுப்பவர் இன்று மதில் மேல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசினார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கோபம் எனக்கு. "வியாழக்கெழம ஆடி பொறக்குதுங்க டீச்சர். ஆடியில வூடு மாறக்கூடாது. நாளைக்குள்ள மாறிக்கிட்டீங்கன்னா உங்களுக்குத்தாங்க நல்லது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றன்."

ஒரே நாளில் துரத்துகிறார், அதுவும் நல்ல நேரம் பார்த்து, என் நன்மைக்காக! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு ஆடி கிடையாதுங்க. இந்த மாசம் முடிஞ்சதும் ஆடியிலயே மாறிக்கறேன்" என்றேன். முகம் அப்போதுதான் மாறியது.


20 ஜூலை, ஞாயிறு

ஊருக்குப் போனேன். நேராக அத்தை வீடு. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "நீ குடுத்த கறிய சாக்கடையில கொட்டிட்டேன் அத்த. அம்மா ஒரு வாய் கூடச் சாப்பிடல" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தாள். "அண்ணி ரெண்டு வேளயும் தின்னன்னு சொன்னாளே?"

"என்னைக் காப்பாத்தச் சொன்னது."

திட்டினாள். தெருவே கேட்கும்படி திட்டினாள். படிச்ச திமிரா, வெள்ளாட்டுக் குட்டி மாதிரி இலை தின்னுக்கிட்டு சோத்தோட அரும தெரியாமப் போச்சா, நாலு மணிக்கி எழுந்து ஆக்கனவளுக்கு என்னாடி மரியாத என்று கேட்டாள். எல்லாம் நியாயம். நின்று வாங்கிக்கொண்டேன். அம்மா பக்கத்து வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே வரவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், "ஆகஸ்ட் ஏழாந்தேதி கண்ணு பாக்க வரச் சொல்லி இருக்காங்க" என்றாள்.

கூட்டிப்போக வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.


27 ஜூலை, ஞாயிறு

இந்த வாரம் ஆறு வீடு. கேள்விக்குக் காத்திருக்காமல் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: அப்பா பேர் சவுரியப்பன், நான் கீரை, அம்மா மாட்டுக்கறி. நான்கு வீட்டில் சொந்தக்காரர்கள் திடீரென்று வரப்போகிறார்கள். ஒரு வீட்டில், "நீங்க மட்டும்னா வரலாம்" என்றார்கள். அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன்.

ஆறாவது பாப்பாரப்பட்டியில், ஸ்கூலுக்குப் பின்னால். ஒற்றை அறை, தகரக் கூரை. வீட்டுக்காரி முனியம்மாள், சந்தையில் தக்காளி ஏலத்துக்குப் போகிறவர். என் பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் உன் அடுப்பு, நீ பாத்துக்க. ஆடியில பால் காய்ச்ச வேணாம் கண்ணு, ஆவணி பொறந்ததும் காய்ச்சிக்க" என்றார். நான் பாலே காய்ச்சமாட்டேன் என்றேன். அதற்குத்தான் திகைத்தார். "பாலு காய்ச்சாம எப்பிடிடி வூட்டுக்குள்ள போவ?"

காலால் நடந்துதான் என்றேன். போடி இவளே என்று சாவியைக் கொடுத்தார்.


1 ஆகஸ்ட், வெள்ளி

மாறிவிட்டேன். சாமான்களை அருள்குமாரும் மற்றவர்களும் ஏற்றினார்கள். பறையைப் போர்வையில் சுற்றாமல் வண்டிக்கு மேலே கட்டினார் அருள்குமார். நிர்மலாதேவி அம்மா கேட்டருகில் நின்று, "போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். நல்ல மனுஷிதான் என்று யாராவது சொன்னால் அறைந்துவிடுவேன்.


8 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று அம்மாவைக் கூட்டிவந்தேன். கண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். கண்ணாடிக்கு அளவு எடுத்தார்கள். பஸ்சில் கடைப் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். ஞாயிறு இருந்துவிட்டுப் போ என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள்.


10 ஆகஸ்ட், ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கறிக்கடை வரிசையில் நின்றேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நெஞ்செலும்பு கேட்டு வாங்கினேன்.

நானேதான் ஆக்கினேன். அம்மா எழுந்து வந்தாள், உட்காரச் சொல்லிவிட்டேன். இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, மிளகாய் அம்மியில் அரைத்தேன். கை எதையும் மறக்கவில்லை. பக்கத்து அடுப்பில் எனக்கு அவரைக்கொட்டைக் குழம்பு. இரண்டு கரண்டிகள், ஒன்றோடு ஒன்று கலக்காமல்.

குழம்பு கொதித்து வாசம் எழுந்தது. அம்மா சத்தமில்லாமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் ஒருக்களித்தாள்.

நான் அவளுக்கு அதைச் சொல்லவே இல்லை. அந்தப் பத்து நாளில் என்னைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை வீசியிருப்பேன். போய் ஜன்னலைத் திறந்தேன். கதவையும்.

"இருக்கட்டும்டி, வாசம் தெருவுக்குப் போவுது" என்று மறுபடியும் போய்ச் சாத்தினாள்.

"போவட்டும்மா" என்று மறுபடியும் திறந்தேன்.

தெருவில் முனியம்மாள் அக்கா யாரோடோ உரக்கப் பேசிக்கொண்டு போனார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கை முந்தானையில் இருந்தது. மூன்றாவது முறை அவள் எழுந்திருக்கவில்லை.

தட்டில் களியும் கறியும் வைத்தேன். ஒரு வாய் எடுத்து மென்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உப்பு பாக்காம எவளாச்சும் கறி ஆக்குவாளா?" என்றாள். "பத்தல. கொண்டா."